இந்த வளவில் இன்னொரு வீடு வருமா?

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் வளவு திருத்தும் வேலையைத் தொழிலாக எடுக்க நினைப்பவர், வாடிக்கையாளர் வீட்டு வாசலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பூ, புல், நீரூற்று எல்லாம் பிறகு. இந்தக் கரையில் வீடு மகளுக்குப் போகிறது. மூத்தவளுக்குக் கொடுத்த வீட்டில் அவள் குடும்பம் இருக்க, உம்மாவும் வாப்பாவும் அதே வளவின் ஒரு பக்கம் ஒதுங்கி அடுத்தவளுக்கு அத்திவாரம் போடுவார்கள். அத்திவாரம் வரப்போகும் இடத்தில் நீங்கள் மாங்கன்று நட்டு, சுற்றிவர இன்டர்லொக் கல்லும் பதித்துவிட்டால், சில வருடத்தில் எல்லாவற்றையும் பெயர்ப்பார்கள். பெயர்க்கும்போது உங்கள் பெயரும் சேர்ந்து அடிபடும்.

ஆனால் "வீட்டில் குமர் எத்தனை?" என்று கேட்டுவிடாதீர்கள். அளவெடுக்க வந்த ஆள் கேட்கிற கேள்வியா அது என்று முகம் சுருங்கும். "இந்த வளவுக்குள்ள இன்னொரு வீடு கட்டுற எண்ணம் இருக்கா காக்கா?" என்றால் போதும். எங்கே, எப்போது, யாருக்கு என்பதெல்லாம் தானாக வரும். அந்தத் துண்டை வரைபடத்தில் கோடு போட்டு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் வேலையைத் தொடங்குங்கள். ஒதுக்கிய இடத்தையும் சும்மா விட வேண்டியதில்லை. பப்பாசி, முருங்கை, வாழை, மரக்கறிப் பாத்தி என்று வெட்டினால் மனம் நோகாத பயிர் எத்தனையோ இருக்கிறது. (சீதன வீடு சரியா பிழையா என்பது ஜும்ஆவிலும் சந்தியிலும் பேச வேண்டிய விடயம். நாம் அளவு நாடாவோடு நிற்கிறோம்.)

அழகான முற்றம் வீட்டின் விற்பனை விலையை உயர்த்தும் என்று யூடியூபில் வெளிநாட்டுக்காரர் சொல்வதை இங்கே அப்படியே சொல்லி வேலை பிடிக்க முடியாது. மகளுக்குக் கொடுக்கும் வீட்டை யார் விற்கப் போகிறார்கள்? இங்கே பெறுமதி வேறு வழிகளில் வருகிறது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் காண்பது கேற்றும் வாசலும்தான். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருப்பதால் சுற்றியுள்ள ஊர்களில் வாடகை வீட்டுக்கும் அறைக்கும் ஆள் இருக்கிறது. மழைக்குத் தண்ணீர் நிற்காத வாசலுக்கு வாடகைக்காரர் நிலைப்பார். பொத்துவில் அறுகம்பேயில் கதை இன்னும் நேரடியானது. அங்கே விருந்தினர் விடுதியின் முற்றம் படமாக இணையத்தில் ஏறுகிறது, படத்தைப் பார்த்துத்தான் அறை பதிவாகிறது. யாரிடம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து எதை விற்கிறீர்கள் என்பதும் மாற வேண்டும்.

இனித் தண்ணீர். இந்தத் தொழிலில் பாதி அறிவு இதுதான் என்பேன்.

நம் ஊர்கள் கிழக்கே கடலும் மேற்கே வட்டையுமாக நடுவில் நீண்டு கிடக்கும் மணல்திட்டு. மழை பெரும்பாலும் ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கணக்கு எளிது: ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றரில் விழுந்தால் ஒரு லீற்றர். 10 பேர்ச்சஸ் என்பது 253 சதுர மீற்றர். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் அந்தச் சிறிய வளவில் விழுவது 25,300 லீற்றர். வீட்டுக் கூரையில் ஏற்றும் 1,000 லீற்றர்த் தாங்கி இருபத்தைந்தை ஒன்றாகக் கவிழ்த்தது போல. மணல் முற்றம் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். கொங்கிறீட் குடிக்காது. இன்டர்லொக் கல் இடைவெளியால் கொஞ்சம் உறிஞ்சும் என்றாலும், அடியில் இறுக்கிய கிறவல் நிரம்பியதும் நிறுத்திவிடும்.

முழு வளவையும் மதிலோடு மதிலாகக் கல்லால் மூடுவது இப்போது மோஸ்தர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பகல் முழுதும் சூடேறிய கல் மஃரிபுக்குப் பிறகும் வீட்டுக்குள் வெக்கையை அனுப்பும், கிணற்றுக்கும் தண்ணீர் இறங்காது. வாகனம் ஏறும் தடத்துக்கும், கேற்றிலிருந்து வாசற்படி வரையான நடைபாதைக்கும், கிணற்றடிக்கும் கல் போதும். மற்ற இடத்தில் செங்கல் விளிம்பு கட்டிய மணல் முற்றம் விடுங்கள். காலையில் கூட்டினால் பளிச்சென்று இருக்கும், செலவும் குறைவு. வாடிக்கையாளர் பிடிவாதமாக முழுக்கக் கல்தான் வேண்டும் என்றால் செய்து கொடுங்கள், கூலி உங்களுக்குத்தான். ஆனால் ஒரு மூலையில் உறிஞ்சு குழி இல்லாமல் சம்மதிக்காதீர்கள். மூன்று அடி நீள அகலத்தில், மூன்று நான்கு அடி ஆழத்தில் வெட்டி உடைகல் நிரப்பி, மேலே தட்டு மூடுங்கள். மலக்குழிப் பக்கம் மட்டும் வேண்டாம்.

கல் பதிக்கும்போது இரண்டு விடயத்தில் கை சுருக்காதீர்கள். ஒன்று ஓரக்கல். நம்முடைய தளர்ந்த மணலில் ஓரம் கட்டாத கல் ஒரு மழைக்குள் நகரத் தொடங்கும். மற்றது சரிவு. 10 அடிக்கு 2 அங்குலம், வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக. கண்மட்டத்தை நம்பாமல் மேசன்மார் பிடிக்கும் தண்ணீர் டியூபைப் பிடியுங்கள். சரிவு அடுத்த வீட்டுப் பக்கம் போனால், உங்கள் வாடிக்கையாளரும் அவருடைய மச்சினனும் மத்தியஸ்த சபையில் நிற்பார்கள். அடுத்த வளவு பெரும்பாலும் சொந்தக்காரருடையது என்பதால் அந்தச் சண்டை லேசில் ஆறாது.

வளவை உயர்த்த மண் கேட்பார்கள். கடற்கரையில் மணல் அள்ளக் கூடாது. கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981 முதல் இருக்கிறது. ஆற்று மணலும் கிறவலும் வாங்கும்போது லொறிக்காரரிடம் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் உண்டா என்று பாருங்கள். வளவு உண்மையில் வட்டைக் காணியாக இருந்தால் நிரப்பும் வேலையைத் தொடாதீர்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, எழுத்து மூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்பக் கூடாது. "எல்லாரும் நிரப்புறாங்க" என்பார்கள். பிடிபடும்போது மண்வெட்டியோடு நிற்பது நீங்கள்தான். அதுபோல் கடல் உயர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் மதில், கட்டுமானம் என்றால் கரையோரத் திணைக்களத்தின் அனுமதியை வீட்டுக்காரர் எடுத்துத் தர வேண்டும். பலா மரத்தையோ பெண்பனையையோ வெட்டச் சொன்னால் முதலில் பிரதேச செயலகத்துக்கு அனுப்புங்கள்.

நுளம்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் வரை வளர ஒரு வாரம் பத்து நாள் போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி, தண்ணீர் தேங்கவிட்ட வீட்டுக்காரர் நீதிமன்றம் போக வேண்டி வரலாம். எனவே பூச்சாடிக்கு அடித்தட்டு வைக்காதீர்கள். இலைக்குவட்டில் தண்ணீர் தங்கும் அலங்காரச் செடிகளைத் தவிருங்கள். குளம் கேட்டால் கப்பி மீன் விடாமல் ஒப்படைக்காதீர்கள். வேலை முடிந்த பிறகு மிஞ்சிய பெயின்ற் வாளி, சிரட்டை, பொலித்தீன் எல்லாவற்றையும் நீங்களே அள்ளிச் செல்லுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே உங்களை அடுத்த வீட்டுக்கும் கூப்பிடுவார்கள்.

அடுத்து மறைப்பு. முன்பு கிடுகு வேலி இருந்தது: பார்வை போகாது, காற்று போகும். மதில் வந்ததும் காற்றும் நின்றுபோனது. அஸருக்குப் பிறகு பெண்கள் முற்றத்தில் பாய் போட்டு உட்காரும் வீட்டில் மறைப்பும் கடற்காற்றும் இரண்டும் வேண்டும். நாலடி வரை மதில், அதற்கு மேலே துளையுள்ள சீமெந்துக் கல், அதில் படரும் கடதாசிப்பூ என்றால் இரண்டும் கிடைக்கும். கேற்றும் வீட்டு வாசலும் நேருக்கு நேர் இருந்தால் கேற்றை மாற்றச் சொல்லிச் செலவு வைக்காமல், நடைபாதையைச் சற்று வளைத்து வளைவில் செவ்வரத்தையோ நந்தியாவட்டையோ அடர்த்தியாக நடுங்கள். குசினிப் பக்கத்தைத் தொடாதீர்கள். மிளகாய் காய்வதும் உடுப்பு உலர்வதும் அங்கேதான். அதை அழகுபடுத்திவிட்டால் மாமி உங்களை மன்னிக்க மாட்டார்.

முற்றத்தின் நடுவை வெறுமையாக விடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கலியாணத்துக்குப் பந்தல் போடவும், சஹன் வைத்து ஆட்களை இருத்தவும், பெரிய சட்டி ஏற்றவும் இடம் வேண்டும். மையித்து வீடானால் ஊரே வந்து நிற்கும். நடுவில் நீரூற்றும் சுற்றிப் பாத்தியுமாக நிரப்பிய வளவு அந்த நாட்களில் உதவாது. பூவை ஓரத்துக்கும் மதிலடிக்கும் தள்ளுங்கள்.

மரம் செடியைத் தேர்வு செய்யக் கச்சான் காற்றை நினையுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்றில் பண்டாரவளையிலிருந்து வாங்கிவந்த ரோசாவும் அந்தூரியமும் கருகும். கிழக்கிலிருந்து உப்புக் காற்று வேறு. கடலுக்கு அருகே தென்னை, பூவரசு, வேம்பு, கடதாசிப்பூ, நித்தியகல்யாணி, கற்றாழை தாங்கும். பிரதான வீதிக்கு மேற்கே வந்துவிட்டால் மாதுளை, கொய்யா, தேசி, செவ்வரத்தை, மல்லிகை, மருதோன்றி எல்லாம் பிழைக்கும். மணலில் உரம் நிற்காது. குழியை அகலமாக வெட்டி, மாட்டெருவும் தும்புத்தூளும் கலந்து நிரப்புங்கள். தும்புத்தூளை முதலில் நன்றாகக் கழுவி உப்பைப் போக்க வேண்டும்.

தென்னைக்கு 26 அடி இடைவெளி என்பதுதான் தோட்டக் கணக்கு. 10 பேர்ச்சஸில் வீடும் நின்றால் ஒன்றிரண்டுக்கு மேல் இடமில்லை, அதுவும் கூரையிலும் அடுத்த வீட்டுத் தகரத்திலும் தேங்காய் விழாத மூலையில். செவ்விளநீர் நல்ல தேர்வு: அழகும் உண்டு, நோன்புக்கு இளநீரும் உண்டு. ஆலமர இனத்தில் வரும் அலங்காரச் செடிகளை நிலத்தில் நடவே நடாதீர்கள். சாடியில் சாதுவாக நிற்கும், மண் கண்டால் மதிலையும் மலக்குழியையும் பிளக்கும். 1978 நவம்பர்ச் சூறாவளியில் விழுந்த மரங்களை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். ஒவ்வொரு புரட்டாதியிலும் கிளை கழிக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

காத்தான்குடிப் பிரதான வீதியின் பேரீச்சைகளைப் பார்த்துவிட்டு வந்து, தங்கள் முற்றத்துக்கும் அதையே கேட்பவர் உண்டு. வீதிக்கு அது எடுப்பு. முற்றத்துக்கு நிழல் தராது, மட்டையின் அடியில் பிள்ளைகளுக்கு ஆகாத முள் வேறு. கொட்டையில் முளைத்த கன்று ஆணா பெண்ணா என்பது பூக்கும் வரை தெரியாது, எனவே பழத்துக்கு உத்தரவாதம் கொடுக்காதீர்கள். கேற்றடியில் ஒன்று, ஆசைக்கு. போதும்.

புல்லைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். 500 சதுர அடிப் புல்லுக்கு வெயில் காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர் என்று வைத்தாலும் 230 லீற்றர் போகும். நம் கரையோரக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உவர் நீரின் மேல் மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது. மோட்டரைப் போட்டு இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கிணறுகள் உப்பாகிப்போனதைக் கண்ட ஊருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. புல் வேண்டுமென்றால் பாய் விரிக்கும் அளவுக்கு ஒரு துண்டு. மற்றச் செடிகளுக்குச் சொட்டு நீர்க் குழாய்.

சொட்டு நீர் என்றதும் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். சவூதியிலும் கட்டாரிலும் பூங்கா வேலை, குழாய் வேலை செய்துவிட்டு ஊரில் முச்சக்கரவண்டி வாங்கி நிற்பவர்கள், கையில் ஒரு தொழில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். செய்த வேலையை வைத்தே தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கும் முன்னனுபவ மதிப்பீட்டு முறை இருக்கிறது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிடம் கேளுங்கள். தோட்ட வேலைக்கு மட்டுமல்ல, கல் பதிப்பு, குழாய் பொருத்துதல் என உங்களுக்குக் கை வந்ததற்கு எடுக்கலாம். க.பொ.த. உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு அம்பாறை ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் விவசாயத் துறை உயர் தேசிய டிப்ளோமா உண்டு. பார்த்துப் படிக்க இரண்டு இடம் சொல்வேன். அம்பாந்தோட்டை மிரிஜ்ஜவிலவில் உள்ள உலர் வலயத் தாவரவியல் பூங்காவுக்குப் போனால் நம் மண்ணுக்கு எது ஒத்துவரும் என்று தெரியும். பேராதனையின் பச்சையைப் பார்த்து இங்கே கன்று வாங்கினால் ஏமாறுவீர்கள். மற்றது பெந்தோட்டைக்கருகே, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1948இல் வாங்கிய பழைய இறப்பர்த் தோட்டமான லுணுகங்க. எதை நட்டார் என்பதை விட எதை அகற்றிப் பார்வையைத் திறந்தார் என்று பாருங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். வாயால் விலை சொல்லாதீர்கள். சதுரக்கோட்டுத் தாளில் ஒரு கட்டம் ஓர் அடி என்று வளவை வரைந்து, பொருள், கூலி, ஏற்றுக்கூலி என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். செடிகளில் பத்துக்கு ஒன்று சாகும் என்று வைத்து அதையும் விலைக்குள் சேருங்கள். பிறகு "ஒரு மாதத்துக்குள் பட்டுப்போனால் மாற்றித் தருவேன்" என்று தைரியமாக எழுதலாம். பொருளின் பெறுமதி முழுவதும் முற்பணம். சொந்தக்காரர் என்றாலும் அப்படித்தான், சொந்தக்காரர் என்றால் கட்டாயம் அப்படித்தான். இரண்டு பேரை நிரந்தரமாக வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதம், அவர்கள் 8 வீதம், நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம் என்பதும் செலவுக் கணக்கில் வர வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொண்டால்தான் வங்கி, விடுதி, பாடசாலை போன்ற இடங்களுக்கு விலைமனு கொடுக்க முடியும்.

உண்மையான வருமானம் மாதாந்தப் பராமரிப்பில் இருக்கிறது. ஒருமுறை செய்து கொடுத்த பத்து வளவுகளில் நான்கு, மாதம் இரண்டு தடவை வந்து பார்க்கச் சொன்னாலே வேலையில்லாத மாதத்திலும் அடுப்பு எரியும். நாட்காட்டியை இப்படி வையுங்கள்: மட்டம், கல், குழி எல்லாம் மழைக்கு முன், ஆனி முதல் புரட்டாதி வரை, நடுகை முதல் மழையோடு, அறுகம்பே விடுதிகளுக்குச் சித்திரைக்குள், ஏனென்றால் அங்கே ஆள் வரத் தொடங்கிவிட்டால் மண்வெட்டிக்கு இடமில்லை. பெருநாளுக்கு முந்திய மூன்று வாரம் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். பெருநாள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால் சில வருடம் அது மழைக்குள் போய் விழும். அப்போது கல் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நோன்பில் சுபஹுக்குப் பின் தொடங்கி லுஹருக்குள் முடிப்பது உங்களுக்கும் கூலியாளுக்கும் நல்லது.

வளவு பற்றிய முடிவைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் எடுக்கிறார்கள். வீடும் அவர்கள் பெயரில்தான். கணவர் கட்டாரில் இருக்கும் வீட்டுக்குத் தனியாக அளவெடுக்கப் போகாதீர்கள். ராத்தாவையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களிடம் பேசும்போது வெளிவரும் தேவை உங்களிடம் பேசும்போது வராது. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: இந்தத் தொழிலில் பெண்களுக்கே கூடுதல் இடம் இருக்கிறது. பின்வளவில் நிழல்வலை கட்டி, கடதாசிப்பூவும் செவ்வரத்தையும் தடி வைத்து வளர்த்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்க வெளியே இறங்க வேண்டியதில்லை. மரம் நடுவது ஸதகா என்று கேட்டு வளர்ந்த ஊரில் கன்று விற்பவருக்கு மரியாதையும் உண்டு.

விளம்பரத்துக்குப் பணம் கொட்ட வேண்டாம். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படம் போதும், அதுவும் வீட்டுக்காரர் அனுமதித்தால், வீட்டு ஆட்கள் யாரும் அதில் விழாமல். அடுத்த பெருமழை விட்ட காலையில் உங்கள் ஊர் ஒழுங்கைகளைச் சுற்றி வந்து எந்தெந்த வாசலில் தண்ணீர் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தை மாதம் வெயில் ஏறியதும் அந்தக் கதவுகளை முதலில் தட்டுங்கள்.